தொண்டையால் நடக்கும் சீப்பு ஜெல்லி: வாசகர் கேள்வி–பதில்

கடல் முள்ளெலியின் முள்ளில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஓர் உயிரியின் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, ‘இதுவும் ஒரு சீப்பு ஜெல்லிதான்’ என்று குறிப்பு எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

பதினோராம் வகுப்பு விலங்கியலில், டீனோஃபோரா தொகுதி உயிரிகள் எட்டு வரிசைச் சீப்புத் தகடுகளால் நீந்தும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் படத்தில் சீப்பும் இல்லை, அது நீந்தவும் இல்லையாமே? பிறகு எந்தக் கணக்கில் அது சீப்பு ஜெல்லி?
— ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

பாடத்தில் பிழை இல்லை. பெரும்பாலான சீப்பு ஜெல்லிகளுக்கு அது பொருந்தும். பிளாட்டிக்டெனிடா என்ற ஒரு வரிசை (வகைப்பாட்டில் ‘ஆர்டர்’) மட்டும் தனிவழி போய்விட்டது. அந்த வரிசையில் அதிக இனங்கள் கொண்ட பேரினம் சீலோபிளானா. நாங்கள் வெளியிட்ட படமும் அதுதான்.

வளர்ந்ததைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம். குஞ்சைப் பார்த்தால் வராது. தாய் தன் உடலுக்கடியில் வைத்துக் காக்கும் முட்டையிலிருந்து வெளிவருவது, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஓர் உருண்டை. அதில் எட்டு வரிசைச் சீப்பு, இரண்டு உணர்நீட்சிகள், உச்சியில் ஒரு சமநிலை உறுப்பு எல்லாம் பாடப்புத்தகப் படம் போலவே இருக்கும். கொஞ்ச காலம் நீந்தும். தகுந்த இடம் கிடைத்ததும் வாய்ப்பக்கம் கீழாக இறங்கி உட்காரும். அதன்பின் சீப்பு வரிசைகள் மறைந்துவிடும். வாயை அகல விரித்து, தொண்டையின் உட்புறத்தை வெளியே மலர்த்தி, அதையே பாதமாக்கிக்கொள்ளும். இரையை உள்ளே தள்ளுவதற்கென்று தொண்டையில் இருந்த மயிர்போன்ற குறுயிழைகள், இப்போது உடம்பையே தரையில் நகர்த்துகின்றன. அது ஊர்வதைப் பார்த்தால், தன் தொண்டைமேல் நடந்து போகிறது என்று பொருள்.

சீப்பை விடாமல் வைத்துக்கொண்ட உறவினரும் உண்டு. டீனோபிளானா ஊரவும் செய்யும், சீப்பை அடித்து நீந்தவும் செய்யும். செங்கடலிலிருந்து சீலோபிளானாவை 1880இலும், சுமத்ராவிலிருந்து டீனோபிளானாவை 1886இலும் முதன்முதலில் விவரித்தபோது, சீப்பு ஜெல்லிக்கும் தட்டைப்புழுவுக்கும் இடையிலான பாலம் கிடைத்துவிட்டது என்று விலங்கியலாளர்கள் பரபரப்பானார்கள். அந்தக் கருத்து நிற்கவில்லை. தட்டையான உடம்பு இரண்டு வம்சங்களிலும் தனித்தனியாக வந்தது. மாணவர்களுக்குக் குவி பரிணாமம் நடத்தும்போது வௌவாலையும் பறவையையுமே சொல்லாமல் இதையும் சொல்லிப் பாருங்கள்.

நேரில் பார்க்கும்போது தட்டைப்புழுவையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது?
— முத்துக்குளிப்பு வரலாற்றில் ஆர்வமுள்ள வாசகர், தூத்துக்குடி. இன்னும் நான்கு பேர்

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். தட்டைப்புழுவுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் கண்புள்ளிகள் கூட்டமாக இருக்கும், அந்தப் பக்கமாகவே போகும். சீலோபிளானாவுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இப்போது வலப்பக்கம் ஊர்ந்தது, திரும்பாமலேயே இடப்பக்கம் ஊரும். முதுகின் நடுவில் தெளிவான ஒரு புள்ளி தெரியும். அதுதான் சமநிலை உறுப்பு. சில இனங்களில் முதுகில் சிறு குமிழ்கள் வரிசையாக எழும்பி அடங்கும்.

எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் உணர்நீட்சி. உடலின் எதிரெதிர் முனைகளில் இரண்டு உறைகள்; அவற்றிலிருந்து இரண்டு நீண்ட வெள்ளை இழைகள் வெளியே வரும். ஒவ்வோர் இழையிலும் ஒரு பக்கமாகக் கிளையிழைகள் தொங்கும். நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஒரு தாய்க்கயிறு, அதில் வரிசையாகக் கிளைக்கயிறுகள். கொக்கிக்குப் பதில் கிளையிழைகள் முழுக்கப் பசை உயிரணுக்கள். கோப்பிபாடு போன்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் சிறு ஓட்டுயிரி (இறால், நண்டு வகையைச் சேர்ந்தது) மோதினால் ஒட்டிக்கொள்ளும். இழை சுருங்கி வாய்க்கு வந்துசேரும். உடம்பு ஒரு சென்டிமீட்டர் என்றால் இழை அதைப்போல் பல மடங்கு நீளும்.

பகலில் இழைகளை உறைக்குள் இழுத்து வைத்திருப்பதே வழக்கம் என்பதால், பகலில் மட்டும் பார்ப்பவர்கள் தட்டைப்புழு என்றே எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருட்டிய பிறகு பாருங்கள். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் இழை மின்னும். கையை அருகே கொண்டுபோனாலோ தண்ணீர் அசைந்தாலோ சட்டென்று உள்ளே போய்விடும், மறுபடி வெளிவரப் பொறுமை வேண்டும்.

இது ஒட்டுண்ணியா? தான் குடியிருக்கும் உயிரியைத் தின்னுமா?
— எம்.எஸ்ஸி. மாணவர், பரங்கிப்பேட்டை

தின்னாது. இதன் உணவு நீரோட்டம் கொண்டுவருவது. குடல் வழியே தெரிவதும் சிறு ஓட்டுயிரிகள்தான், ஓம்புயிரியின் (அதாவது, இடம் கொடுக்கும் உயிரியின்) திசு இல்லை. அப்படியானால் எதற்கு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார வேண்டும்? தூண்டில் போடுகிறவருக்கு இடம் முக்கியம். கடல்தரையை ஒட்டி ஓட்டம் மந்தம், வண்டல் வேறு இழையில் அப்பும். கடல் விசிறியோ மென்பவளமோ ஓட்டம் நன்றாக வீசும் இடம் பார்த்து உயர்ந்து நிற்கிறது. அதன்மேல் ஏறிக்கொண்டால் உயரமும் கிடைத்தது, காவலும் கிடைத்தது. டயடெமா முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே நுழைந்து ஒரு மீன் இதைக் கொத்துவது சுலபமில்லை.

யார் எங்கே குடியிருப்பது என்பதில் இவை கறார். செங்கடலில் இஸ்ரேலின் ஏலாத் கரையில் நடந்த ஆய்வுகளில் இது துலக்கமாகத் தெரிந்தது. சீலோபிளானா பன்வார்த்தி டயடெமா முள்ளெலியின் முட்களில். சீலோபிளானா யூலியானிகோரம் சார்க்கோஃபைட்டன் என்ற தோல் போன்ற மென்பவளத்தில். சீலோபிளானா ஹூகோனே டெண்ட்ரோநெஃப்தியா மென்பவளத்தின் தண்டில். சீலோபிளானா லோயாயி காளான் பவளங்களில். இந்தோனேசியாவின் காய் தீவுகளிலிருந்து 1927இல் விவரிக்கப்பட்ட சீலோபிளானா ஆஸ்டெரிகோலா, எக்கினாஸ்டர் லூசோனிகஸ் என்ற நட்சத்திர மீனின் மேல் வாழ்வது. நட்சத்திர மீனின் தோல் நிறத்தோடு அது எவ்வளவு கலந்துவிடும் என்றால், தோலில் ஏதோ தேமல் என்றுதான் முதலில் தோன்றும். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1956இல் ஜமைக்காவிலிருந்து விவரிக்கப்பட்ட வாலிகுலா மல்டிஃபார்மிஸ் கடல்பாசிகளுக்கிடையே வாழும். ஹவாய், கலிஃபோர்னியா என்று பல இடங்களில் கிடைத்திருக்கிறது.

ஆகவே, மாணவர் என்பதால் சொல்கிறோம்: முதலில் ஓம்புயிரியின் பெயரைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். ‘ஒரு மென்பவளத்தின் மேல்’ என்று எழுதிய குறிப்பால் பிற்பாடு யாருக்கும் பயனில்லை.

ஓம்புயிரிக்கு நஷ்டமே இல்லையா என்றால், எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு மென்பவளத்தில் நாலைந்து இருந்தால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. மேற்பரப்பையே மூடும் அளவுக்குப் பெருகினால், பாலிப்புகள் (பவளக் கூட்டத்தின் பூப்போன்ற சிறு உயிர்கள்) விரிய இடமில்லாமல் போகும், திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் குறையும். திண்ணையில் ஒருவர் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பார், ஊரே வந்து உட்கார்ந்தால்?

குடியிருப்பவருக்கு உள்ள ஆபத்து வேறு. 2023 தொடக்கத்தில் செங்கடலின் அகபா வளைகுடாவில் டயடெமா முள்ளெலிகள் ஒரு நுண்ணுயிரித் தாக்குதலால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நோய் வந்த முள்ளெலி முட்களை உதிர்க்கும். முள்ளையே வீடாக நம்பியிருந்தவற்றின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் அரிக்கிறது, தடிக்கிறது. இதைத் தொட்டால்?
— ஒரு மீனவர், பாம்பன்

அரிக்காது. சொறிக்கு இருப்பது கொட்டும் உயிரணு, இதற்கு இருப்பது வெறும் பசை. (ஹெக்கேலியா என்ற ஒரு நீந்தும் சீப்பு ஜெல்லி மட்டும், தான் தின்னும் சொறியின் கொட்டும் உயிரணுக்களை எடுத்துத் தன் இழையில் வைத்துக்கொள்கிறது. ஊரும் வகையில் அந்தக் கதை இல்லை.) நீங்கள் பயப்பட வேண்டியது அது உட்கார்ந்திருக்கும் முள்ளெலியின் முள்ளுக்கு. உள்ளே ஒடிந்தால் எடுப்பது பெரும்பாடு.

மன்னார் வளைகுடாவில் இவை உண்டா? எங்கே, எப்படித் தேடுவது?
— இயற்கை ஆர்வலர் குழு, இராமநாதபுரம்

உண்டு, அதுவும் ஊர்ப்பெயரோடு. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவிலிருந்து தேவனேசன், வரதராஜன் என்ற இருவர் மூன்று புதிய இனங்களை விவரித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழக இதழில் 1942இல் வந்த அந்தக் கட்டுரையில் இடப்பட்ட பெயர்கள் சீலோபிளானா குருசடையென்சிஸ், சீலோபிளானா இண்டிகா, சீலோபிளானா டாட்டர்சாலி. ‘குருசடை’ என்ற பெயரைச் சுமக்கும் ஓர் உயிரியை அந்தக் கரைக்காரர்களே கேள்விப்பட்டதில்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

முதலில் சட்டம். குருசடை உட்பட 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. பூங்காவுக்கு வெளியேயும் கல்பவளம், கடல் விசிறி, கருப்புப் பவளம், கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. தொடவும் வேண்டாம், ஒடிக்கவும் வேண்டாம். படம் எடுக்கலாம்.

பூங்காவுக்கு வெளியே, பாறைக்கரையில் ஓதம் வற்றும்போது செய்யக்கூடியது ஒன்று. கடல்பாசியை ஒரு கைப்பிடி எடுத்து, வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கடல்நீர் விட்டு அதில் போடுங்கள். தட்டை நிழலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கிளறினால் எல்லாம் சுருங்கிவிடும். கிளறாமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் பாசிக்குள் பிராணவாயு குறைய, உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வந்து தட்டின் விளிம்புக்கு ஏறும். சீலோபிளானா இருந்தால் தட்டின் சுவரில் ஊரும், சிலவேளை நீர்ப்பரப்பின் அடியில் தலைகீழாகத் தொங்கியபடியே நகரும். ஒரு சளித்துளி தானாக இடம்பெயர்கிறதே என்று தோன்றினால் அங்கே கைக்கண்ணாடியை வையுங்கள். வெயிலில் தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. திரும்பி வரும்போது வெந்நீரும் கூழும்தான் மிச்சம். பார்த்து முடித்ததும் பாசியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: தேதி, நேரம், ஆழம், ஓம்புயிரி, ஓம்புயிரியின் எந்தப் பகுதியில் இருந்தது, எத்தனை, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். அந்த ஓம்புயிரியையே இன்னும் பத்துப் பதினைந்து பார்த்து, எதிலும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஜப்பான் பேரரசர் ஒரு சீப்பு ஜெல்லியைக் கண்டுபிடித்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

உண்மைதான். கடல் உயிரியலில் தேர்ந்தவரான பேரரசர் ஹிரோஹிட்டோ சகாமி விரிகுடாவில் சேகரித்தவற்றில் ஒன்று அது. 1941இல் டாக்கு கோமாய் விவரித்து லைரோக்டெய்ஸ் இம்பெராட்டோரிஸ் என்று பெயரிட்டார். பின்பாதிக்குப் ‘பேரரசருடைய’ என்று பொருள். யாழ் வடிவில் இரண்டு கொம்புகள் மேலெழும்பி நிற்கும், ஒவ்வொரு கொம்பின் நுனியிலிருந்தும் ஓர் உணர்நீட்சி தொங்கும். 10 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், இந்த வரிசையில் இது பூதம். இதைவிட விசித்திரம் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் கிடைத்து 1910இல் விவரிக்கப்பட்ட த்யால்ஃபியெல்லா. ஆழ்கடலில் அம்பெலுலா என்ற கடற்பேனாவின் தண்டில் ஒட்டிக்கொண்டால் அதோடு சரி, ஊர்வதையும் விட்டுவிடும்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கிய தோல் மென்பவளத்தில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிகின்றன. இரவில் அவற்றிலிருந்து வெள்ளை நூல் வருகிறது. பவளக் குளியல் மருந்தில் முக்கினேன், பத்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது. என்ன செய்வது?
— கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர், சென்னை

இரவில் நூல் வருகிறது என்கிறீர்களே, அது போதும். தட்டைப்புழு இல்லை, சீலோபிளானா. பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்குச் செய்யும் அவசர வைத்தியம் இதற்கு வேண்டாம்.

மருந்து பலிக்காததற்குக் காரணம் எளிது. நீங்கள் முக்கியது பவளத்தை மட்டும். பாறையிலும் கண்ணாடியிலும் கிடந்தவை அப்படியே இருந்தன. மேலும் இது ஊரும்போதே விளிம்பில் சிறு துணுக்குகளைப் பிய்த்து விட்டுச் செல்லும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழு உயிரியாக வளரும். இருபால் உயிரி வேறு, தொட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கும். பிளேடால் சுரண்டி எடுத்தவர்கள் ஒன்றை நான்காக்கியிருப்பார்கள்.

ஒரு வாரம், தினமும் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறவில்லை, பகலில் பாலிப்புகள் வழக்கம்போல் விரிகின்றன என்றால் விட்டுவிடுங்கள். தொட்டியில் பார்க்க இதைவிடச் சுவையான காட்சி அதிகமில்லை.

எண்ணிக்கை ஏறுகிறது, பாலிப்புகள் விரியவில்லை என்றால், முதலில் தீனியைப் பாருங்கள். பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு, திரவ மிதவைத் தீனி என்று தினமும் ஊற்றினால் நீங்கள் வளர்ப்பது பவளத்தை அல்ல, இவற்றை. இரண்டு மூன்று வாரத்துக்கு நுண்தீனியை வாரம் ஒரு முறையாகக் குறையுங்கள். பிறகு, தொட்டித் தண்ணீரையே 5 லிட்டர் வாளியில் எடுத்து, பவளத்தை அதில் வைத்து, ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மேலிருந்து அடித்தால் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். விளிம்பைப் பார்த்துத் தாழ்வாக, தோசைக்கரண்டி நுழைகிற கோணத்தில் அடித்தால் முழுசாகக் கிளம்பும். வந்ததைச் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள், துணுக்குகள் அதில்தான் இருக்கும். நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். நல்ல தண்ணீரில் முக்குவது கூடவே கூடாது. உப்புச்செறிவு சட்டென்று இறங்கினால் மென்பவளத்தின் திசு வெந்தது போலாகிவிடும்.

முன்பு கடலில் பிடித்ததாகவே இருந்தாலும், தொட்டிக்குள் இருந்த எதையும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள்.

அனுமதியோடு சேகரித்தோம். ஃபார்மலினில் போட்டதும் உருத்தெரியாத சளிக்கட்டியாகிவிட்டது. டி.என்.ஏ. எடுத்தால் ஓம்புயிரியின் வரிசைதான் வருகிறது. எங்கே தவறு?
— ஆய்வு மாணவி, தூத்துக்குடி

இரண்டு இடத்தில். மயக்காமல் போட்டது ஒன்று, வயிற்றைக் காலி செய்யாதது இன்னொன்று.

உயிரோடு இருக்கும்போதே, இழை விரிந்த நிலையிலும் சுருங்கிய நிலையிலும், மேலிருந்தும் கண்ணாடிக்கு அடியிலிருந்தும் படமெடுங்கள். நிறமும் குமிழ்களின் வரிசையும் திரவத்தில் போட்டபின் கிடைக்கவே கிடைக்காது. பிறகு வடிகட்டிய கடல்நீரில் 24 மணி நேரம் இரையில்லாமல் வையுங்கள். ஓம்புயிரியின் சளியும் குடலில் உள்ளதும் கழியும். தண்ணீரை ஒரு முறையாவது மாற்றுங்கள்.

மயக்க, படிக வடிவ மெக்னீசியம் குளோரைடு 75 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். உயிரி இருக்கும் கடல்நீரில் இதைச் சொட்டுச் சொட்டாக, அரை மணி நேரத்தில் சரிபாதி அளவு வரும்வரை சேருங்கள். மெல்லிய தூரிகையால் விளிம்பைத் தொட்டால் சுருங்கக்கூடாது. அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் மயங்குவதற்கு முன்பே சுருண்டுவிடும், நீங்கள் பார்த்த சளிக்கட்டி அதுதான்.

உடலமைப்புக்கு: கடைகளில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு, கொஞ்சம் போராக்ஸ். இதுவே சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. பாட்டிலில் உள்ளதை 4 சதவீதமாகக் கலக்கினால் இதில் பத்தில் நாலு பங்கு வலுதான் இருக்கும். இந்தக் குழப்பம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. டி.என்.ஏ.வுக்கு: வேறொரு உயிரியை 95 சதவீத எத்தனாலில், உயிரியின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு, மறுநாள் எத்தனாலை மாற்றி உறைகுளிரில் வையுங்கள். சீப்பு ஜெல்லிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணு மிக வேகமாக மாறியிருப்பதால் இனங்காணப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவுக்கு எல்லாருக்கும் பொதுவான ப்ரைமர்கள் (டி.என்.ஏ.வைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகள்) இதில் சரியாக ஒட்டாது, பக்கத்தில் கிடக்கும் பவளத்தின் டி.என்.ஏ.வைப் பெருக்கித் தந்துவிடும். இந்தக் குடும்பத்துக்கென்றே அமைத்த ப்ரைமர்கள் 2017இல் வெளியான செங்கடல் ஆய்வில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஓம்புயிரி மென்பவளம் என்றால், உங்கள் அனுமதியில் இடமிருந்தால், அரை சென்டிமீட்டர் துண்டு தனிக்குப்பியில் எத்தனாலில் போடுங்கள். பேர் கண்டுபிடிக்கத் திசுவுக்குள் உள்ள சுண்ணாம்பு முட்கள்தான் வேண்டும். துண்டில் சிறிது எடுத்து ப்ளீச்சிங் திரவம் விட்டால் திசு கரைந்து முட்கள் அடியில் தங்கும். கழுவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஃபார்மலினில் போட்டிருந்தால் அதிலுள்ள அமிலம் முட்களை அரித்திருக்கும். இரண்டு குப்பிக்கும் ஒரே எண், பென்சிலால் எழுதிய சீட்டு, குப்பிக்கு உள்ளே. பேனா மை எத்தனாலில் ஓடிவிடும்.